தகடூர் நாட்டு வீடுகள் – 6: மரம் தாங்கிய மண் வீடு

இத்தொடரின் சென்ற பகுதி, தருமபுரி மாவட்டத்து நடுகற்கள் வழியாகப் பழைய தகடூர் நாட்டின் ஊர்களை அடையாளம் கண்டது. ஆநிரை மீட்டு இறந்த வீரனின் பெயரையும், அவன் ஊரையும், அக்காலத்து அரசனின் ஆட்சியாண்டையும் அக்கற்கள் சொல்கின்றன. அவன் எத்தகைய வீட்டில் பிறந்தான், அவ்வீட்டை எதைக் கொண்டு யார் கட்டினார்கள் என்பவற்றைச் சொல்வதில்லை. நடுகல்லும் கோயிலும் கல்லால் ஆனவை என்பதால் நூற்றாண்டுகளைக் கடந்து நின்றன. குடியானவன் வீடு மரத்தாலும் மண்ணாலும் புல்லாலும் ஆனது என்பதால் சில தலைமுறைகளுக்குள் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டது. அவ்வாறு கலந்துபோன வீட்டின் கட்டுமான மரபு, மாவட்டத்தின் தென்கிழக்கில் உள்ள சித்தேரி மலையிலும் அதன் அடிவாரமான சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நடைமுறையில் இருந்தது. மரச்சட்டத்தின் மீது நின்ற அந்த மண் வீடே இப்பகுதியின் பொருள். அதன் வரலாற்றைத் தச்சு நுட்பத்தின் வரலாறாக மட்டும் எழுதிவிட முடியாது. வீடு கட்டும் மரத்தின் மீது யாருக்கு உரிமை என்ற கேள்வி அதன் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கிடுகிறது.

நிலமும் மக்களும்

சித்தேரி மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவு. மேற்கே சேர்வராயன் மலைக்கும் கிழக்கே கல்வராயன் மலைக்கும் இடையில் அமைந்தது. மூங்கில், வேங்கை, உசிலை, சந்தனம் முதலிய மரங்கள் வளரும் இலையுதிர் காடுகள் இதன் சரிவுகளை மூடியுள்ளன. இங்கு வாழ்பவர்களில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் ஒத்திருப்பினும் இவர்கள் கேரளத்தவர் அல்லர். தமிழே இவர்கள் தாய்மொழி. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் ஒருவர் சேர்வராயன் மலைக்கும், ஒருவர் பச்சை மலைக்கும், ஒருவர் கொல்லி மலைக்கும் சென்று குடியேறினர் என்றும், அம்மூவரின் வழியினரே இன்றைய மலையாளிகள் என்றும் இவர்களது வாய்மொழி மரபு கூறுகிறது. காஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கரிராமர் வழிபாடு அம்மரபின் ஒரு கூறு. சமவெளியிலிருந்து மலையேறிய வேளாண் மக்கள் என்று தம்மைக் கருதும் இவர்கள், சாமை, தினை, கேழ்வரகு முதலிய தானியங்களைப் பயிரிட்டு வாழ்ந்தனர். அவர்களது வீட்டின் அமைப்பு இந்தத் தானிய வாழ்வுக்கும் மலைக்காட்டின் மரத்துக்கும் ஏற்ப உருவானது.

வீட்டின் எலும்பும் தசையும்

மலையாளிகளின் பழைய வீட்டில் சுவர் கூரையைத் தாங்குவதில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். சமவெளியில் மண்ணைக் குழைத்து அடுக்கடுக்காக எழுப்பும் மண்சுவர் வீட்டில் கூரையின் பாரம் முழுவதும் சுவர் மீது இறங்குகிறது. மலை வீட்டிலோ அப்பாரத்தை நிலத்தில் ஊன்றிய மரத்தூண்கள் ஏற்கின்றன. தூணின் தலைப்பில் இயற்கையாகவே கிளை பிரிந்த கவை இருக்குமாறு மரம் தேர்ந்தெடுக்கப்படும். அக்கவைக்கால்களின் மீது, தூண்களை இணைக்கும் கிடைமரமாகிய விட்டம் அமரும். நடுவில் உயரமான கால்கள் முகட்டு மரத்தைத் தாங்கும். முகட்டிலிருந்து விட்டத்தை நோக்கிச் சரியும் கைமரங்களின் மீது மூங்கில் வாரைகளைக் கட்டி, அவற்றின் மேல் புல் வேயப்படும். இணைப்புகளில் இரும்பாணிக்கு வேலை இல்லை. கவையின் பிடிப்பும் காட்டுக் கொடிகளின் அல்லது நாரின் கட்டுமே போதுமானவை.

தூண்களுக்கு இடையிலுள்ள வெளியை நிரப்பும் முறைக்கு வரிச்சுச் சுவர் என்று பெயர். மூங்கிலைப் பிளந்தோ மெல்லிய கம்புகளைச் சேர்த்தோ குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய தட்டியே வரிச்சு. அதன் இருபுறமும் வைக்கோல் அல்லது உமி கலந்து மிதித்துப் புளிக்கவைத்த செம்மண்ணை அப்பி, காய்ந்தபின் சாணமிட்டு மெழுகுவார்கள். மண்ணில் கலந்த நார் வெடிப்பைத் தடுக்கிறது. சாணம் மேற்பரப்பை இறுக்குகிறது. காற்றில் உள்ள ஈரத்தை இச்சுவர் உள்வாங்கி மீண்டும் வெளிவிடுவதால், உள்ளே இருக்கும் மூங்கில் நீண்ட காலம் மக்காமல் இருக்கிறது. மழைச்சாரல் சுவரைக் கரைத்துவிடாதபடி கூரையின் விளிம்பாகிய இறவாணம் தாழ்ந்து இறங்கும். அதன் கீழ் அமையும் உயர்ந்த திண்ணை சுவரின் அடிப்பகுதியைக் காத்து, வீட்டாருக்கு உட்காரவும் உறங்கவும் இடம் தருகிறது.

வீட்டினுள் அடுப்பின் மேற்புறத்தில் மூங்கில் பரப்பிய பரண் இருக்கும். அறுவடைத் தானியமும் விதையும் அங்கே ஏறும். அடுப்புப் புகை பரணைச் சூழ்ந்து கூரைப்புல் வழியாக வெளியேறும்போது விதையை வண்டிலிருந்தும், மூங்கிலைத் துளைக்கும் பூச்சியிலிருந்தும், புல்லைப் பூஞ்சையிலிருந்தும் காக்கிறது. புகைபோக்கி இல்லாதது இவ்வீட்டின் குறையாகப் பிற்காலத்தில் எண்ணப்பட்டது. கண்ணுக்கும் நுரையீரலுக்கும், குறிப்பாக அடுப்படியில் நாள்தோறும் நின்ற பெண்களுக்கு, அப்புகை செய்த தீங்கு உண்மையானதே. எனினும் கூரையின் ஆயுள் அப்புகையைச் சார்ந்தே இருந்தது என்பதும், அடுப்பு எரியாத வீட்டின் கூரை விரைவில் உளுத்துப்போகும் என்பதும் கட்டுமான வரலாற்றில் பதிவு செய்யத்தக்கவை.

மரத்தைத் தேர்வதிலும் வெட்டுவதிலும் நெடுநாள் அனுபவம் செயல்பட்டது. நிலத்தில் ஊன்றும் தூணுக்கு வைரம் பாய்ந்த மரமே, அதாவது நடுத்தண்டு முற்றிக் கடினமான மரமே, ஏற்றது; வெளிப்புறத்து இளமரத்தைக் கரையான் எளிதில் அரித்துவிடும். தூணின் அடிப்பகுதியைத் தீயில் கருக்கி ஊன்றுவது கரையானையும் ஈரத்தையும் தடுப்பதற்காகும். மூங்கிலைத் தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்ற வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. முற்றிய, மாவுச்சத்துக் குறைந்த மூங்கிலைப் பூச்சி அவ்வளவாகத் தாக்குவதில்லை என்ற அறிவே அதன் அடிப்படை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டியிருந்ததால், புல் அறுக்கவும் கட்டவும் வேயவும் ஊரார் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கைமாற்றாக உழைத்தனர். தூண் ஒன்று உளுத்தால் அதை மட்டும் நீக்கிப் புதியதை நிறுத்தலாம். மண் உதிர்ந்தால் அவ்விடத்தை மட்டும் அப்பலாம். இவ்வாறு உறுப்பு உறுப்பாகப் புதுப்பிக்கப்பட்டு, அதே இடத்தில் அதே வடிவில் வீடு தொடர்ந்தது. ஆகவே இவ்வீட்டின் வயதை அதன் மரத்தின் வயதைக் கொண்டு அளப்பது பொருந்தாது. அளக்க வேண்டியது மரபின் வயதையே.

மரபின் தொன்மை

அம்மரபு எவ்வளவு பழையது என்பதற்கு அகழாய்வு ஓரளவு விடை தருகிறது. தருமபுரிக்கு அண்மையில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பையம்பள்ளியில் 1964–65, 1967–68 ஆகிய ஆண்டுகளில் எஸ். ஆர். ராவ் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வு, புதிய கற்கால மக்களின் குழி வீடுகளை வெளிப்படுத்தியது. தரையைத் தோண்டி அமைத்த அவ்வீடுகளைச் சுற்றிலும் மரக்கம்பம் நட்ட குழிகளின் தடங்கள் காணப்பட்டன. மரம் மக்கிப்போனாலும் அது நின்ற குழியில் பின்னர் நிரம்பிய மண்ணின் நிறமும் இறுக்கமும் வேறுபடுவதால், கம்பக்குழியைத் தொல்லியலார் அடையாளம் காண முடிகிறது. தருமபுரி மாவட்டத்திலேயே மோதூரில் 2004–05-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வும் இவ்வட்டாரத்தில் புதிய கற்காலம் முதல் மக்கள் நிலைத்து வாழ்ந்ததை உறுதிப்படுத்தியது. இலக்கியச் சான்றுகளில், எயினர் ஈந்தின் இலையால் வேய்ந்த குடில்களில் வாழ்ந்ததைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. கம்பம் நட்டுக் கூரை வேயும் கட்டுமானம் இந்நிலத்துக்குப் புதிதன்று என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

இங்கிலாந்தின் ஓக் மர வீடு

இதே கட்டுமானக் கொள்கை உலகின் பல பகுதிகளில் தனித்தனியே வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் இன்றும் நிற்கும் மரச்சட்ட வீடுகள் அவற்றுள் மிகவும் அறியப்பட்டவை. அங்கு ஓக் மரத்தால் சட்டம் கட்டப்படும். தூணுக்கும் விட்டத்துக்கும் இடையிலுள்ள வெளியில் ஹேசல் போன்ற மரங்களின் மெல்லிய கம்புகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் கலந்த சேற்றை அப்புவர். கூரைக்கு வைக்கோலோ நாணலோ வேய்வர். மூங்கிலுக்கு மாற்றாக ஹேசல் என்பதைத் தவிர, சித்தேரியின் வரிச்சுச் சுவருக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு இல்லை. வேறுபாடு இணைப்பில் உள்ளது: ஆங்கிலத் தச்சர் பச்சை ஓக்கைத் தரையில் கிடத்தித் துளையும் நாக்கும் வெட்டி, மரமுளை அடித்துப் பூட்டினர், எந்த மரம் எந்த மரத்தோடு சேரும் என்பதைக் காட்ட அவற்றின் மீது ரோமானிய எண்களைப் போன்ற குறிகளைச் செதுக்கினர். பச்சை மரம் காயக் காய இணைப்பு இறுகியது. இத்தகைய சட்டம் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் நிற்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்களின் அகல வேறுபாட்டை ஒப்பிட்டு, மரம் வெட்டப்பட்ட ஆண்டையே கணிக்கும் முறையால் பல வீடுகளின் காலம் துல்லியமாக அறியப்பட்டுள்ளது.

அவ்வீடுகள் நிலைத்ததற்கு ஓக்கின் உறுதி ஒரு காரணம். சட்டமும் வழக்காறும் மற்றொரு காரணம். மன்னனின் காடுகளில் குடிமக்களுக்குள்ள உரிமைகளை 1217-ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம் ஏற்றுக்கொண்டது. பொதுக்காட்டிலிருந்து தேவைக்கு மரம் எடுக்கும் வழக்காற்றுரிமைக்கு அங்கு ‘எஸ்டோவர்ஸ்’ என்று பெயர். அவற்றுள் வீட்டைப் பழுதுபார்க்க மரம் எடுப்பதற்கென்றே ‘ஹவுஸ்போட்’ என்ற தனி உரிமை வகுக்கப்பட்டிருந்தது. பின்னாளில் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டபோது இவ்வுரிமைகள் பெரிதும் சுருங்கின. ஆயினும் 1877-இல் வில்லியம் மாரிஸ் முதலியோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும், 1947-ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் வலுப்பெற்ற பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலும், அரண்மனைகளோடு குடியானவர் வீடுகளையும் நாட்டின் உடைமையாகக் கருதச் செய்தன. அவ்வகை ஏற்பாடு எதுவும் சித்தேரி வீட்டுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு நேர்மாறானதே நடந்தது.

காடு காப்புக்காடாதல்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-இல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதியைத் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அலெக்சாண்டர் ரீடின் தலைமையில் வந்த உதவி அலுவலர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ, 1799 வரை தருமபுரியில் தங்கி நிலங்களை அளந்து வரி வகுத்தார். பிற்கால ரயத்துவாரி முறைக்கு அப்பணி அடித்தளமாயிற்று. வரி தரும் விளைநிலமே அந்நிருவாகத்தின் முதன்மை அக்கறை. மலைக்காடு அதன் கணக்கில் பெரிதாக இடம்பெறவில்லை. அந்நிலையை மாற்றியது இருப்புப்பாதை. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிய பாதை மொரப்பூர், பொம்மிடி வழியாகச் சேலத்தை 1861-ஐ ஒட்டி எட்டியது; தண்டவாளத்தின் அடியில் இடும் சிலீப்பர் கட்டைகளுக்காகவும் எஞ்சின் விறகுக்காகவும் சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் காடுகள் வெட்டப்பட்டன. காடு தீர்ந்துபோகும் என்ற அச்சம் அரசுக்கு எழுந்தது அதன் பின்னரே.

அச்சத்தின் விளைவு சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் அது எளிதில் வரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மாகாணத்தின் வருவாய் வாரியம், ஏறத்தாழ எல்லாக் காடுகளும் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்கு உட்பட்டவை, அவற்றில் மக்களுக்கு நெடுங்கால வழக்காற்றுரிமை உண்டு என்று 1871-இல் வாதிட்டது. 1878-ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுச் சட்டமும் இம்மாகாணத்துக்கு நீட்டிக்கப்படவில்லை. பின்னர் ஜெர்மானியக் காட்டியல் வல்லுநர் டீட்ரிச் பிராண்டிஸின் ஆலோசனையோடு 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஒரு காட்டைக் காப்புக்காடாக்க விரும்பும் அரசு முதலில் அறிவிக்கை வெளியிடும். உரிமை கோருவோர் குறித்த கெடுவுக்குள் காட்டுத் தீர்வு அலுவலரிடம் முறையிட வேண்டும். முறையிடப்படாத உரிமைகள் இறுதி அறிவிக்கையோடு அற்றுப்போகும். எழுத்தும் அரசிதழும் எட்டாத மலையூரில், கோரப்படாத உரிமை என்பது பெரும்பாலும் கேள்விப்படாத அறிவிக்கையின் விளைவே. தலைமுறை தலைமுறையாக வீட்டுத் தூணுக்கு மரம் எடுத்த காட்டில், அதே மரத்தை எடுப்பது இனி குற்றமாயிற்று. விடுதலைக்குப் பின்னரும் அச்சட்டமே தமிழ்நாடு காட்டுச் சட்டம் என்ற பெயரில் தொடர்ந்தது.

இவ்வாறு மரத்தின் மீது குடிகளுக்கும் காட்டுத்துறைக்கும் இடையே வளர்ந்த பகையின் கொடிய விளைவு, சித்தேரி மலையடிவாரத்தில் அரூருக்கு அருகிலுள்ள வாச்சாத்தியில் நிகழ்ந்தது. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறிக் காட்டுத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றின் ஊழியர்கள் மலையாளிப் பழங்குடியினர் வாழும் அவ்வூருக்குள் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர், ஊரார் தாக்கப்பட்டுச் சிறையிடப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன. நெடிய சட்டப் போராட்டத்தின் முடிவில், தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அத்தீர்ப்பை உறுதி செய்தது. வீடு என்பது மனிதர் பாதுகாப்பாக இருக்கும் இடம் என்ற முதற்பொருளையே அழித்த அந்நிகழ்வைச் சொல்லாமல், இம்மலையின் வீட்டு வரலாறு முழுமை பெறாது.

புல் கூரையிலிருந்து கான்கிரீட்டுக்கு

அதே காலத்தில் இவ்வீட்டின் பயன் மற்றொரு விதத்திலும் வெளிப்பட்டது. 1993-இல் சிட்டிலிங்கிக்கு வந்த மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் தொடங்கிய பழங்குடியினர் நலவாழ்வுப் பணி, ஊர்மக்கள் கட்டிக்கொடுத்த புல்வேய்ந்த குடிலில்தான் முதலில் நடந்தது. பிற்காலத்தில் அப்பள்ளத்தாக்கில் உருவான துளிர் கல்வி மையத்தைக் கட்டடக் கலைஞர்களான அனுராதா, கிருஷ்ணா இணையர் அமைத்தனர். உள்ளூர் மண்ணும் உள்ளூர்க் கைத்திறனும் கொண்டு கட்டடம் எழுப்பலாம் என்பதை அங்குள்ள இளைஞர்களுக்கு அது கற்பித்தது. மரபுக் கட்டுமானத்தை இன்றைய தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு இவை சான்று.

பொதுப்போக்கு வேறு திசையில் சென்றது. 1985-இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2011-இல் வந்த 300 சதுர அடிப் பசுமை வீடுகள் திட்டம், 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஆகிய அனைத்தும் குடிசையை அகற்றிக் கான்கிரீட் கூரை அமைப்பதையே இலக்காகக் கொண்டவை. கடைசியாகச் சொன்ன திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வழங்குகிறது. தீக்கும் புயலுக்கும் அஞ்சாத, கூரைக்குப் புல் தேடி அலைய வேண்டாத வீட்டை மலைமக்கள் விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. வருந்தத்தக்கது வேறு: பழைய வீட்டைத் தகுதியற்றது என்று ஒதுக்கும் திட்டங்களில், அவ்வீட்டின் அறிவுக்கு இடமே இல்லை. கோடையில் கொதிக்கும் தாழ்ந்த கான்கிரீட் கூரையின் கீழ் பரணுக்கும் இடமில்லை, விதைக்கும் இடமில்லை. எஞ்சிய மண்சுவர்கள் மீது நல்லெண்ணத்தோடு பூசப்படும் சிமெண்டும் தீங்கே செய்கிறது. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்குவதால் மரமும் மூங்கிலும் உளுத்துப்போகின்றன. இங்கிலாந்தில் பழைய ஓக் வீடுகளுக்குச் சிமெண்ட் பூசி இதே பாடத்தைக் கற்ற பிறகே, பழுதுபார்ப்போர் மீண்டும் சுண்ணாம்புக்கும் களிமண்ணுக்கும் திரும்பினர்.

உரிமை நிலையில் ஒரு திருப்பமும் நேர்ந்துள்ளது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதைத் தன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டு, சிறு வனப்பொருள்களின் மீது அவர்களுக்கு உரிமை வழங்கியது. மரமல்லாத தாவரப் பொருள்களே சிறு வனப்பொருள் என வரையறுக்கப்பட்டன. மூங்கில் அவற்றுள் சேர்ந்தது. அதனால் வரிச்சுக்கும் வாரைக்கும் வேண்டிய மூங்கில் சட்டப்படி கைக்குள் வந்தது. தூணுக்கும் விட்டத்துக்கும் வேண்டிய மரம் வெளியிலேயே நின்றது. 1882-ஆம் ஆண்டின் சட்டத்தால் அற்றுப்போன வீட்டு மர உரிமை இன்னும் பாதியளவே மீண்டுள்ளது.

தருமபுரி மாவட்டத்தின் நடுகற்களுக்கு அகழ்வைப்பகம் உண்டு. கல்வெட்டுகளுக்கு அச்சிட்ட தொகுதிகள் உண்டு. மரத்தூண் நிறுத்தி, வரிச்சுக் கட்டி, மண் அப்பி, புல் வேயும் முறையை முழுமையாக அறிந்த கடைசித் தலைமுறையினர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் கைகளால், அவர்களுக்குத் தக்க ஊதியம் அளித்து, ஒரு முழு வீட்டைச் சித்தேரியிலேயே கட்டச் செய்து, ஒவ்வொரு உறுப்பின் அளவையும் பெயரையும் மரவகையையும் வரைபடத்தோடு பதிவு செய்வது தொல்லியல் துறைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய கடமை. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கட்டும் மரத்துக்குக் காட்டுத்துறையின் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதலைக் கேட்டுப் பெறும் பொறுப்பு மாவட்ட நிருவாகத்துடையது. அதைக் காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டும்.

(தொடரும்)